திரைப்போரும் அகப்போரும்

மாவினால் செய்த கோழியை வெட்டினால் அது கொலையாகுமா? நம் இல்லங்களில் மூத்தோர் இளையோர்க்குச் சொல்லிவரும் யசோதர காவியக் கதை இவ்வொரு வினாவைச் சுற்றியே எழுந்தது. யசோதர மன்னன் உயிர்க்கொலைக்கு அஞ்சினான். தாயின் சொல்லைத் தட்டவும் அஞ்சினான். இரண்டிற்கும் இடையே வழி தேடி, உயிருள்ள கோழிக்கு மாற்றாக மாக்கோழி ஒன்றைப் பலியிட்டான். குருதி சிந்தவில்லை, உயிரும் போகவில்லை. ஆயினும் தாயும் மகனும் அச்செயலின் பயனாகப் பல பிறவிகள் விலங்காகவும் பறவையாகவும் பிறந்து உழன்றனர் என்பது கதை. அவன் வெட்டியது மாவை. வெட்டுவதாக எண்ணியதோ உயிரை.

எழுபது வயதைக் கடந்துவிட்ட நாம் இக்கதையைச் சிறுவயதில் கேட்டோம். ஆசிரியப் பணியில் இருந்த 34 ஆண்டுகளில் எத்தனையோ பிள்ளைகளுக்கு அதைச் சொன்னோம். சொன்னபோதெல்லாம் அது நம்மைப் பற்றிய கதை என்று ஒருநாளும் தோன்றியதில்லை. சென்ற கோடை விடுமுறையில் அந்த மாக்கோழி வேறு வடிவம் கொண்டு நம் வீட்டுக் கூடத்திற்கே வந்து சேர்ந்தது. அதனை நம் குடும்பங்கள் சிந்திக்கும்பொருட்டு இங்கே எழுதுகிறோம்.

நிகழ்ந்தது என்ன?

பொறியியல் கல்லூரியில் மூன்றாமாண்டு பயிலும் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தான். பகல் முழுவதும் மடிக்கணினியில் ஒரு விளையாட்டை ஆடிக்கொண்டிருந்தான். பிள்ளைகள் ஈடுபடும் பொருளை அறியாமல் அவர்களைத் திருத்தப் புகுவது வீண் என்பது ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் நாம் கற்ற பாடங்களுள் ஒன்று. ஆகவே அவனருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்ந்தோம்.

'பால்டர்ஸ் கேட் 3' என்பது அவ்விளையாட்டின் பெயர். பெல்ஜியம் நாட்டின் கெண்ட் நகரைச் சேர்ந்த லேரியன் ஸ்டுடியோஸ் நிறுவனம் 2023 ஆகஸ்டில் அதனை வெளியிட்டது. அதன் வேர் இன்னும் பழையது. 1974ஆம் ஆண்டு அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவர் 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கினர். நண்பர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒருவர் வீரராகவும் ஒருவர் மந்திரவாதியாகவும் தம்மைக் கற்பனை செய்துகொண்டு, பகடை உருட்டிக் கதையை நடத்திச் செல்லும் விளையாட்டு அது. அதன் விதிகளைத் தழுவிய முதல் 'பால்டர்ஸ் கேட்' 1998இல் கணினிக்கு வந்தது. பேரன் ஆடியது அவ்வரிசையில் மூன்றாவது.

இதில் நால்வர் கொண்ட குழுவை ஆடுபவர் நடத்துகிறார். போர் மூண்டால் ஒவ்வொருவர்க்கும் ஒரு முறை வரும். அம்பு எய்தாலும் வாள் வீசினாலும் 20 முகங்கள் கொண்ட பகடை உருளும். அதில் விழும் எண்ணோடு வீரரின் திறனைக் கூட்டி, எதிரியின் காப்பு எண்ணை எட்டினால் அடி பலிக்கும். வீழ்ந்தவர் உடனே இறப்பதில்லை. தம் முறை வரும்போதெல்லாம் பகடை உருட்டப்படும். மூன்று முறை தவறினால்தான் இறப்பு. அதற்குள் தோழர் ஒருவர் தம் முறையை விட்டுக்கொடுத்துக் கைகொடுத்தால் வீழ்ந்தவர் எழுந்துவிடுவார். வலிமையான குழுக்களும் அழிந்துபோகும் அளவிற்குக் கடிய போர்கள் இதில் உண்டு.

அன்று பேரன் சிக்கிக்கொண்டது அத்தகைய போரொன்றில். சதுப்பு நிலத்தில் ஆன்ட்டி எத்தெல் என்னும் சூனியக்கிழவி வாழ்கிறாள். வெளித்தோற்றத்தில் மருந்து விற்கும் அன்பான மூதாட்டி. மேரினா என்ற இளம்பெண் கணவனை இழந்தவள், கருவுற்றவள். இறந்த கணவனை மீட்டுத் தருவதாகச் சொல்லி, அதற்கு விலையாகப் பிறக்கப்போகும் குழந்தையைக் கிழவி கேட்டிருக்கிறாள். அப்பெண்ணை மீட்பதற்காகவே போர். கிழவியோ தன் உருவத்தைப் பலவாக்கிக் காட்டுவாள். ஓரடியில் கலைந்துபோகும் பொய்யுருவங்கள் அவை. அவ்வளவோடு நில்லாமல், மேரினாவிற்கும் தன் உருவத்தையே போர்த்தி அவற்றிடையே நிறுத்திவிடுவாள்.

நான்கு முறை குழு அழிந்தது. ஐந்தாம் முறை ஆடும்போது மாலை ஆறு மணியை நெருங்கியிருந்தது. பொழுது சாயுமுன் உண்பது நம் வீட்டின் நெறி. இவ்வாண்டு கல்லூரியில் சேரவிருக்கும் பேத்தி, அன்று தானே சமைத்துவிட்டு, அண்ணனை இருமுறை அழைத்துவிட்டுப் போனாள். எழுந்திருக்கச் சொல்லவேண்டிய நாமோ திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான்கு தோல்விகளைக் கண்டதில், கிழவியின்மீது நமக்கே ஒரு கறுவு உண்டாகிவிட்டது. பல உருவங்களுள் ஒன்றைச் சுட்டி, "அதோ நிற்கிறாள், அவள்தான், விடாதே, அடி!" என்று சொன்னது நம் வாய்தான்.

பேரன் அடித்தான். உருவம் கலையவில்லை, விழுந்தது. விழுந்தவள் மேரினா.

அந்நேரம் பேத்தி மூன்றாம் முறை வந்து, "அண்ணா, பொழுது போகிறது" என்றாள். அவன் திரும்பி அவளைச் சொல்லத்தகாத சொல்லால் வைதான். அவளால்தான் கவனம் சிதறிற்று என்றான். அவள் ஒன்றும் பேசாமல் அடுக்களைக்குள் போனாள். அன்று இருவரும் உண்ணவில்லை. நமக்கும் உணவு இறங்கவில்லை. சமைத்தது அப்படியே இருக்க, பொழுது சாய்ந்துவிட்டது.

சற்று நேரங்கழித்துப் பேரன் நம்மிடம் வந்து, "கவலைப்படாதீர்கள் பாட்டி, பழைய சேமிப்பைத் திரும்ப ஏற்றிவிட்டேன். மேரினா உயிரோடு இருக்கிறாள்" என்றான்.

அது கொலையா, விளையாட்டா?

மறுநாள் காலை இதுபற்றி அவனோடு பேசினோம். அவனும் நம் வீட்டுப் பிள்ளையாதலால் நம் சொற்களாலேயே விடை சொன்னான். "இல்லறத்தார்க்கு ஹிம்சையை நான்காகப் பிரித்துச் சொல்வீர்களே, பாட்டி! வேண்டுமென்று செய்வது சங்கல்பம். வீட்டு வேலையில் நேர்வது ஆரம்பம். தொழிலில் நேர்வது உத்தியோகம். தற்காப்பில் நேர்வது விரோதம். முதலாவதைத்தான் இல்லறத்தார் முற்றும் விடவேண்டும். நான் ஒரு பெண்ணைக் காக்கப் போரிட்டேன். அதிலும், இறந்தவர் எவருக்கும் உயிரே இல்லை" என்றான்.

அவன் கூற்றில் உண்மை உண்டு. திரையில் வீழ்ந்தவர்க்கு உயிரில்லை. ஆகவே அங்கே திரவிய ஹிம்சை நிகழவில்லை. சதுரங்கத்தில் சிப்பாயை வெட்டுகிறோம். எவரும் அதனைக் கொலை என்பதில்லை. சதுரங்கம் ஆடுபவர் மனத்தில் அக்கட்டை ஒரு கட்டையாகவே இருக்கிறது. மாக்கோழியோ கோழியாகவே கருதி வெட்டப்பட்டது. திரையில் தோன்றும் உருவம் இவ்விரண்டுள் எதனைப் போன்றது? அதற்கு விடை திரையில் இல்லை, ஆடுபவரின் மனத்தில் இருக்கிறது என்பதே நம் துணிபு. ஒரே உருவம் முதல் ஆட்டத்தில் கட்டையாகவும் ஐந்தாம் ஆட்டத்தில் கோழியாகவும் ஆகிவிடக்கூடும். அன்று மாலை நமக்கு ஆயிற்று.

எளிய போரில் மனம் கலங்குவதில்லை. நான்கு அடியில் முடிந்துவிடும். கடிய போர் வந்து, திரும்பத் திரும்பத் தோற்கும்போதுதான் உள்ளே கிடப்பவை மேலே வருகின்றன. குரோதம், மானம், மாயை, லோபம் என்று நம் முன்னோர் எண்ணிவைத்த நான்கு கஷாயங்களே அவை. வினை ஆன்மாவோடு ஒட்டுவது அவற்றாலேதான் என்பர். ஆகவே, கடிய போரை எவ்வாறு எதிர்கொள்வது என்ற கேள்வி ஆட்டத்தின் நுணுக்கம் பற்றியது மட்டுமன்று. அது அறத்தின் கேள்வியுமாகும். ஒவ்வொன்றாகக் காண்போம்.

சினம்

முதலில் ஒன்றை நோக்கவேண்டும். இவ்விளையாட்டில் போர் முறைவைத்து நடப்பது. நம் முறை வந்துவிட்டால் எதிரி கைகட்டிக் காத்திருப்பான். ஒரு மணி நேரம் சிந்தித்தாலும் அவன் அசையமாட்டான். அப்படியிருக்க, அன்று நம்மை விரைவுபடுத்தியவர் யார்? ஒருவருமில்லை. விரைவு நம் சினத்திலிருந்து வந்தது. ஓர் உருவத்தை அடிக்குமுன் அதன் தன்மையை ஆராய்ந்து பார்க்கும் வசதி விளையாட்டிலேயே இருக்கிறது. பேரனுக்கு அது தெரியும். நான்கு முறை தோற்றபின் அதைத் திறந்து பார்க்கும் பொறுமை இருவர்க்கும் இல்லாமற் போயிற்று. அதனால்தான் காக்கச் சென்ற பெண்ணையே வீழ்த்தினோம்.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூன்று வழியாலும் வினை வரும் என்று சிறுவர்க்குப் பாடம் சொன்னவர்கள் நாம். அன்று அடித்தவன் பேரன், அடிப்பித்தவர்கள் நாம். எழுபது ஆண்டுகள் எறும்பை மிதியாமல் நடக்கப் பழகிய கால்களை வைத்துக்கொண்டு, வாயைக் காக்கத் தவறினோம்.

சினத்திற்கு மருந்து இடைவெளியே. இருமுறை தோற்றால் எழுந்துவிடவேண்டும் என்பது நாம் வகுத்துக்கொண்ட விதி. முகம் கழுவி, நீர் அருந்தி, திரும்ப வந்து அமர்ந்தால் களம் வேறாகத் தெரியும். உயரமான இடத்தில் நின்று எய்தால் பகடையின் எண்ணோடு இரண்டு கூடும், பள்ளத்தில் நின்றால் இரண்டு குறையும் என்பது போன்றவை அப்போதுதான் நினைவிற்கு வரும். வீழ்ந்த தோழரைத் தூக்கிவிடுவதா, எதிரியை இன்னுமோர் அடி அடிப்பதா என்ற இடத்தில், சினம் கொண்டவர் எப்போதும் அடியையே தேர்வார். பின்னர் குழு முழுவதும் அழியும். சினமற்றவர் தோழரைத் தூக்குவார். அறமும் போர்த்திறமும் ஒன்றாகவே நிற்கும் இடம் இது.

செருக்கு

இவ்விளையாட்டில் கடினத்தின் அளவை ஆடுபவரே அமைத்துக்கொள்ளலாம். எளியது 'எக்ஸ்ப்ளோரர்', நடுத்தரம் 'பேலன்ஸ்டு', கடியது 'டாக்டிசியன்'. 2023 நவம்பர் இறுதியில் 'ஹானர்' என்ற ஒன்றையும் சேர்த்தனர். அதில் ஒரே ஒரு சேமிப்புதான். குழு முழுவதும் அழிந்தால் அவ்வாட்டம் முடிந்தது.

பேரன் ஆடியது 'டாக்டிசியன்'. "ஒரு படி இறக்கிக்கொள்ளலாமே" என்றோம். அவன் முகம் சிவந்தது. "அது தோற்றதற்குச் சமம், பாட்டி. விடுதியில் நண்பர்கள் எல்லாரும் இதிலேயே முடித்துவிட்டார்கள்" என்றான். அவனைத் தடுத்தது கிழவியின் மந்திரமன்று என்பது அப்போது விளங்கிற்று.

இங்கே நம் வாழ்வில் நேர்ந்த பிழையொன்றைச் சொல்லியாகவேண்டும். எளியதிலிருந்து கடியதற்கும், அறிந்ததிலிருந்து அறியாததற்கும் மாணவரை அழைத்துச் செல்க என்பது ஆசிரியர் பயிற்சியின் முதற்பாடம். தேர்வில் அதனைப் பிழையின்றி எழுதி மதிப்பெண்ணும் பெற்றோம். பணிக்கு வந்த சில ஆண்டுகளில் எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். பின்னக் கணக்கு அவளுக்கு வரவில்லை. ஐந்தாம் வகுப்புக் கணக்கிலிருந்து தொடங்கினால் வந்திருக்கும். "எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கா? தரத்தைக் குறைக்கமாட்டோம்" என்று வகுப்பின் நடுவே சொன்னோம். அதனைக் கண்டிப்பு என்று நினைத்தோம். அவள் மூன்று வாரம் அதே கணக்கில் தோற்றாள், நான்காம் வாரம் பள்ளிக்கு வரவில்லை, பிறகு வரவேயில்லை. நாம் காத்தது கல்வியின் தரமன்று, நம் வகுப்பின் பெயர். இன்றும் பின்னக் கணக்கைக் காணும்போது அவள் முகம் வருகிறது.

ஆகவே கடினத்தைக் குறைத்துக்கொள்வதில் இழிவில்லை என்று உறுதியாகச் சொல்வோம். நோன்பிலும் அவரவர் ஆற்றலுக்கேற்பவே படிகள் வகுக்கப்பட்டுள்ளன. முழு உண்ணாநோன்பு இயலாதவர் ஒருவேளை உண்கிறார். எவரும் அவரை இகழ்வதில்லை. அதேபோல் கடிய நிலையை விரும்பி ஏற்று, தோற்றாலும் முகம் மாறாமல் ஆடுபவர் உண்டெனில் அவருக்கும் குறையில்லை. 'இந்நிலையில் ஏன் நிற்கிறேன்?' என்று தன்னைத்தானே கேட்டு, 'பிறர் பார்க்கிறார்கள்' என்பது விடையாக வந்தால், இறங்கிவிடுதலே நன்று.

வஞ்சனை

சேமித்த இடத்திற்குத் திரும்பிப்போதல் இவ்வகை விளையாட்டில் குற்றமன்று. தோற்றவர் மீண்டும் முயல அது வேண்டும். ஆனால் சிலர் ஒவ்வொரு பகடைக்கும் முன் சேமித்து, விரும்பிய எண் விழும்வரை திரும்பத் திரும்ப ஏற்றுவர். தோல்வி என்பதே அவர்க்கு இல்லாமற் போகிறது. தோல்வியிலிருந்து கற்பதும் போகிறது.

இவ்விளையாட்டில் 'கார்மிக் டைஸ்' என்றோர் அமைப்பு உண்டு. கருமப் பகடை என்று சொல்லலாம். தொடர்ந்து தோல்வி எண்களே விழாதவாறு அது பகடையைச் சற்றே திருத்திக்கொடுக்கும். பெயரைக் கேட்டுச் சிரித்தோம். நாம் அறிந்த கருமம் அவ்வாறு இரங்குவதில்லை. பலமுறை துன்புற்றான், இனி ஓரின்பம் கொடுப்போம் என்று கணக்குப் பார்ப்பதுமில்லை. செய்தவனிடம் செய்தபடி வந்து சேரும். சேமிப்பை மீண்டும் ஏற்றியதும் மேரினா எழுந்துவிட்டாள். அடித்தபோது நம் நெஞ்சில் எழுந்த கறுவு, ஏற்றுமுன் இருந்த நிலைக்குத் திரும்பவில்லை. தங்கையிடம் சொன்ன சொல்லும் திரும்பவில்லை. அதற்குச் சேமிப்பு ஏது?

வஞ்சனையின் மற்றொரு முகத்தையும் காட்டவேண்டும். வாளெடுக்காமல் பேச்சால் போரைத் தவிர்க்க இவ்விளையாட்டில் பல இடங்களில் வழியுண்டு. கேட்டதும் மகிழ்ந்தோம். பின்னர் ஒரு நிகழ்ச்சியைப் பேரன் சொன்னான். யுர்கிர் என்னும் வலிய எதிரி ஒருவன் உண்டு. அவனிடம் சாதுரியமாகப் பேசி, அவன் தன் படையினரையும், தான் வளர்த்த விலங்கையும், இறுதியில் தன்னையுமே கொன்றுகொள்ளும்படி செய்துவிடலாமாம். ஆடுபவரின் வாள் உறையை விட்டு வெளிவராது. இதனை அஹிம்சை என்று எண்ணுவோரும் உளராம்! கையில் குருதி படவில்லை என்பதனால் கொலை குறைந்துவிடாது. அம்பால் வென்றவனைக் காட்டிலும் இவன் மனத்தில் மாயை மிகுதி. எவர் வாழவேண்டும் என்று பேசுகிறோம், எவர் மாளவேண்டும் என்று பேசுகிறோம் என்பதை வைத்தே சொல்லை எடைபோடவேண்டும்.

பேராசை

மீண்டும் சதுப்பு நிலத்திற்கு வருவோம். தோற்கும் தறுவாயில் சூனியக்கிழவி போரை நிறுத்திப் பேரம் பேசுவாள். தன்னை விட்டுவிட்டால், ஆடுபவரின் ஆற்றல்களுள் ஒன்றை என்றென்றைக்கும் ஓரெண் கூட்டித் தருவதாகச் சொல்வாள். ஆனால் மேரினா அவளிடமே இருக்கவேண்டும். சொல்வன்மையும் பகடையும் துணைநின்றால் இரண்டையும் பெறலாம். இல்லாவிட்டால் ஒன்றைத் தேர்ந்தாகவேண்டும்.

இவ்விடம் நுட்பமானது. எதிரியைக் கொல்லாமல் விடுவது கருணை போலவே தோன்றுகிறது. அதற்குக் கூலியாக ஓரெண்ணைப் பெற்று, ஓர் இளம்பெண்ணையும் பிறவாத குழந்தையையும் விற்றுவிட்டுப் போவதற்குக் கருணை என்று பெயரிடமுடியுமா? கொல்லாமை வேறு, கொல்லாமல் இலாபம் பார்த்தல் வேறு. அன்றாட வாழ்விலும், அநீதியைக் கண்டும் ஆதாயம் கருதி வாய்மூடி இருந்துவிட்டு, அதனைச் சாந்தம் என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. நம்மையும் சேர்த்தே சொல்கிறோம்.

கொல்லாமல் வெல்லுதல்

பரத சக்கரவர்த்திக்கும் பாகுபலிக்கும் போர் மூளவிருந்தபோது, இருபுறத்துச் சேனைகளும் மடியாதிருக்க அமைச்சர்கள் ஒரு வழி சொன்னதை நாம் அறிவோம். பார்வைப் போர், நீர்ப்போர், மற்போர் என்று சகோதரர் இருவர்மட்டும் பொருதனர். மூன்றிலும் பாகுபலி வென்றான். வென்ற அக்கணத்திலேயே வெற்றியைத் துறந்தான். போர் தவிர்க்க முடியாதபோதும் அதன் கொடுமையைக் குறைக்க முடியும் என்பதற்கு அதைக் காட்டிலும் நல்ல சான்றில்லை.

இக்கணினி விளையாட்டிலும் அதன் சாயல் ஒன்று இருக்கக் கண்டு வியந்தோம். கொல்லாத அடி என்றொரு விசை உண்டு. அதனை அழுத்திவிட்டு ஆடினால் இறுதி அடியில் எதிரி இறவாமல் மயங்கி விழுவான். ஒரு கட்டுப்பாடு உண்டு. அருகே சென்று கைகலந்து அடிக்கும் அடிக்கே அது பொருந்தும். தொலைவிலிருந்து எய்யும் அம்புக்கும் ஏவும் மந்திரத்திற்கும் பொருந்தாது. விதியை அமைத்தவர்கள் என்ன கருதினரோ, நமக்கு அதில் ஓர் உண்மை தென்பட்டது. உயிரைக் காத்து வெல்ல விரும்புபவர் அருகே போகவேண்டும். அடி வாங்கும் இடர்ப்பாட்டை ஏற்கவேண்டும். தொலைவில் பத்திரமாக நின்றுகொண்டு இரக்கம் காட்ட இயலாது. வீட்டுச் சண்டையிலும் இப்படித்தான். அடுத்த அறையிலிருந்து எறியும் சொல் கொல்லும். அருகே வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்லும் சொல் அவ்வாறு கொல்வதில்லை.

மறுநாள் மாலை

அன்று பேரன் மூன்று காரியங்கள் செய்தான். முதலாவதாக அடுக்களைக்குச் சென்று தங்கையிடம் மன்னிப்புக் கேட்டான். தசலட்சண பர்வத்தின் நிறைவில் நாம் ஒருவரிடம் ஒருவர் கேட்கும் மன்னிப்பு அது. அதுவரை காத்திருக்கவேண்டியதில்லை என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அவள் சற்று நேரம் பேசாமல் இருந்து, பிறகு, "நேற்று செய்த கூட்டு கெட்டுப்போய்விட்டது, இன்று நீயே காய் நறுக்கு" என்றாள். நாமும் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். "நீங்கள் எதற்குப் பாட்டி?" என்றாள். சொன்னோம். சிரித்தாள். நமக்குச் சிரிப்பு வரவில்லை.

இரண்டாவதாகக் கடினநிலையை ஒரு படி இறக்கினான். அதனை விடுதி நண்பர்களிடம் சொல்வாயா என்று நாம் கேட்கவில்லை.

மூன்றாவதாக, நான்கு மணிக்கு அமர்ந்து, தங்கையையும் அருகே இருத்திக்கொண்டு அப்போரை மீண்டும் ஆடினான். ஒவ்வோர் உருவத்தையும் ஆராய்ந்த பின்னரே அடித்தான். ஒரு தோழர் வீழ்ந்தபோது, பேத்தி சொல்லுமுன்பே தூக்கிவிட்டான். கிழவி பேரம் பேசியபோது கை சற்றே தயங்கிற்று, பின்பு மறுத்துவிட்டான். போர் தொடர்ந்தது. கிழவி மடிந்தாள், மேரினா பிழைத்தாள். நாம் மகிழ்ந்து கைதட்டவில்லை. மீட்கப்பட்ட பெண்ணைக் கண்டு ஆறுதல் கொண்டோம். ஐந்தரை மணிக்கு அவனே கணினியை மூடினான். கூடத்தில் இலை போட்டு அனைவரும் வெளிச்சத்திலேயே உண்டோம்.

இத்தகைய விளையாட்டுகளைப் பிள்ளைகள் ஆடவே கூடாது என்று சொல்ல இதனை எழுதவில்லை. சொன்னாலும் கேட்பவர் சிலரே. குடும்பத்தார் சிலவற்றை மட்டும் கவனிக்கலாம். முதலாவது வயது. இவ்விளையாட்டு ஐரோப்பாவில் 18 வயது நிரம்பியோர்க்கே உரியதென வகைப்படுத்தப்பட்டது. கொடிய காட்சிகள் இதில் நிறைய உண்டு. சிறுவர் கையில் கொடுக்கத்தக்கதன்று. இரண்டாவது நேரம். உணவும் உறக்கமும் தவறாதவாறு, ஆடத் தொடங்குமுன்பே முடிக்கும் நேரத்தைக் குறித்துவிடவேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும்போது குறிக்க முடியாது. மூன்றாவது, பெரியவர்கள் ஒருநாளேனும் அருகே அமர்ந்து பார்க்கவேண்டும். பிள்ளையின் மனம் எங்கே கலங்குகிறது என்பது அப்போது தெரியும். நம் மனம் எங்கே கலங்குகிறது என்பதும் தெரியவரும். அதற்கும் ஆயத்தமாக அமரவேண்டும்.

ஜினர் என்ற சொல்லுக்கு வென்றவர் என்று பொருள். எவரை வென்றவர் என்று வகுப்பில் கேட்டால் பிள்ளைகள் உடனே விடை சொல்வார்கள். நாமும் சொல்லியிருக்கிறோம், சொல்லிக்கொடுத்தும் இருக்கிறோம். சென்ற கோடையில் ஒரு மாலைப்பொழுது, உயிரில்லாத ஓர் உருவத்தின்முன் அமர்ந்து, "விடாதே, அடி!" என்று கூவியபிறகே, அவ்விடை எவ்வளவு கடியது என்பதை உணர்ந்தோம். அப்போரில் கடினத்தைக் குறைக்கும் விசை இல்லை. ஆயினும் வீழ்ந்தால் கைகொடுத்துத் தூக்க வீட்டில் நால்வர் இருக்கிறோம்.